பகத்சிங் போட்ட மனுக்கள்

வேலைநிறுத்தம் செய்தான் என்று ஒரு வழக்கு. மறியல் செய்தான் என்று இன்னொரு வழக்கு. திண்டுக்கல்லில் நூற்பாலைத் தொழிலாளியும் தோல் பதனிடும் தொழிலாளியும் கோர்ட்டுப் படி ஏறி அறியாதவர்களல்லர். டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் நா வறண்டு விடுகிறது. எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்று தெரியாமல் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கித் திரும்புகிறோம். பகத்சிங் எறிந்த குண்டைப் பற்றி நாம் நிறையப் பேசியாயிற்று. அவர் கோர்ட்டில் போட்ட மனுக்களைப் பற்றிப் பேசியிருக்கிறோமா, தோழர்களே?

1907-ல் பஞ்சாபின் லயால்பூர் மாவட்டத்தில் பங்கா கிராமத்தில் பிறந்தவர் பகத்சிங். அவர் பிறந்த அதே ஆண்டில்தான் சிற்றப்பா அஜீத்சிங்கை வெள்ளையர் மாந்தலேக்கு நாடு கடத்தினர். 1926-ல் நவஜவான் பாரத சபையை அமைப்பதில் முன்னின்றார்.

1929 ஏப்ரல் 8 அன்று டில்லி சட்டசபையில் அவரும் பி.கே. தத்தும் குண்டு வீசினார்கள். அன்று சபையில் இருந்தது எது? தொழிலாளியின் வேலைநிறுத்த உரிமைக்கு விலங்கு பூட்டும் தொழில் தகராறு மசோதா! ஓடித் தப்பாமல் நின்று கைதானார்கள். அந்த வழக்கில் பகத்சிங் தம் வழக்கைத் தாமே நடத்தினார். ஆசப் அலி சட்ட ஆலோசனை தந்தார். ஜூன் 12 அன்று இருவருக்கும் ஆயுள் தண்டனை.

அடுத்து லாகூர் சதி வழக்கு. 1929 ஜூலை 10 அன்று மாஜிஸ்ட்ரேட் ஸ்ரீகிருஷ்ணன் முன் விசாரணை தொடங்கியபோது, உண்ணாவிரதத்தில் மெலிந்திருந்த பகத்சிங்கை ஸ்டிரெச்சரில் தூக்கி வந்தார்கள். இங்கும் அவர் வக்கீல் வைத்துக் கொள்ளவில்லை. பின்னர் லாலா துனிசந்தை ஆலோசகராக மட்டும் ஏற்றார். சாட்சியை விசாரிக்கவோ வாதாடவோ அவருக்கு இடமில்லை; யோசனை சொல்லலாம், அவ்வளவே.

அப்படியானால் கைதி தன் வழக்கை எப்படி நடத்துவது? பகத்சிங் எழுதிய மனுக்களைப் பாருங்கள். உயிர்ப்பிச்சை கேட்ட வரி ஒன்றுமில்லை. தூர மாகாணங்களிலிருந்து பிடித்து வரப்பட்ட கைதிகள் வழக்குக்கு உதவக் கூடிய நண்பர்களைச் சந்திக்க அனுமதி வேண்டும்; பத்திரிகை வேண்டும்; ஆங்கிலம் அறியாத தோழருக்கு அவர் மொழியில் பத்திரிகை வேண்டும். சின்ன விஷயங்கள் என்று தோன்றுகிறதா? வெளியுலகைக் காணாதவன் சாட்சியை எங்கே தேடுவான்? யாரைக் கேட்டு வாதாடுவான்?

அக்டோபரில் கோர்ட்டுக்குள்ளேயே கைவிலங்கு மாட்ட உத்தரவு வந்தது. விலங்கோடு வர மாட்டோம் என்றனர் கைதிகள். அடித்து நொறுக்கினார்கள்; அவர்கள் பணியவில்லை. அதற்கு முன்பே, செப்டம்பர் 13 அன்று, 63 நாள் உண்ணாவிரதத்தில் ஜதீன்தாஸ் உயிர் துறந்திருந்தார்.

நியாயமான கோரிக்கைக்குப் பதில் சொல்ல முடியாத சர்க்கார் என்ன செய்தது? சட்டத்தையே மாற்றியது! 1930 மே 1 அன்று வைஸ்ராய் இர்வின் அவசரச் சட்டம் போட்டார். மூன்று நீதிபதிகள் கொண்ட விசேஷ டிரிபியூனல். ஹைகோர்ட்டில் அப்பீல் கிடையாது. கைதி இல்லாமலே விசாரிக்கலாம். மே 12 அன்று கோர்ட்டிலேயே கைதிகள் தாக்கப்பட்டபோது, அந்த உத்தரவில் தமக்குப் பங்கில்லை என்று எழுதினார் நீதிபதி ஆகா ஹைதர். அடுத்த மாதம் டிரிபியூனல் மாற்றி அமைக்கப்பட்டது. அதில் ஆகா ஹைதர் இல்லை. சர்க்கார் தரப்பில் 457 சாட்சிகள். பெரும்பகுதி விசாரணை கைதிகளின் கூண்டு காலியாகக் கிடக்கும்போதே நடந்தது.

அந்த நேரத்தில் தந்தை கிஷன்சிங் ஒரு மனு கொடுத்தார். சாண்டர்ஸ் கொல்லப்பட்ட அன்று மகன் லாகூரிலேயே இல்லை, நிரூபிக்க வாய்ப்புத் தாருங்கள் என்பது அதன் சாரம். பெற்ற மனம்! ஆனால் அக்டோபர் 4 அன்று மகன் கடுமையாகவே பதில் எழுதினார்: தம்மைக் கேட்காமல் கொடுத்தது தவறு, கொள்கையை விற்று உயிரை வாங்க முடியாது. மூன்றாம் நாள் தூக்குத் தண்டனை. 1931 மார்ச் 23 அன்று ராஜகுரு, சுகதேவுடன் தூக்கிலேறினார். வயது 23.

அவர் எல்லோருக்குமாகக் கேட்ட உரிமை, நாடு விடுதலை பெற்றபின் ஏட்டில் ஏறியது. விலங்கு மாட்டுவது வழக்கமாகி விடக் கூடாது என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டமோ சில குற்றங்களுக்கு மீண்டும் விலங்குக்கு வழி திறந்திருக்கிறது. ஏட்டில் ஏறியதும் காவலின்றி நிலைக்காது!

1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் பெற உரிமை உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் எழுதிக் கேட்க வேண்டும். குற்றப்பத்திரிகை நகலைக் கேட்க வேண்டும். போலீஸ் அடித்திருந்தால் முதல் நாளே மாஜிஸ்ட்ரேட்டிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

தனியே நிற்கும் தோழருக்கு இதையெல்லாம் யார் சொல்வது? சங்கம்தான் சொல்ல வேண்டும். அடுத்த வாய்தாவுக்கு அவரைத் தனியே அனுப்பாதீர்கள்!