கூரத்தாழ்வானும் கண்ணிழந்த துயரமும்

ஸ்ரீ:

உத்ஸவ ஸேவைக்கென்று வெகு தூரத்திலிருந்து எழுந்தருளும் பாகவதோத்தமர்கள், தீர்த்தமும் ஸ்ரீசடாரியும் பெற்றுக்கொண்டு நிற்கும் அந்தச் சிறிது நேரத்தில் தங்கள் குறைகளைச் சொல்லிக்கொள்வது வழக்கம். அவற்றுள் கண் பற்றிய குறைகளைக் கேட்கும்போதெல்லாம் அடியேனுக்குக் கூரத்தாழ்வான் வைபவம் நினைவுக்கு வரும். அதனை இம்மலரில் எழுத முற்பட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அடியேனுக்கு இடக்கண்ணின் பார்வை ஒரே இரவில் போயிற்று. விழித்திரையின் இரத்தக்குழாய் அடைபட்டதால் நேர்ந்தது என்றும், இனித் திரும்பாது என்றும் வைத்தியர் சொல்லிவிட்டார். வலக்கண் நன்றாகவே இருந்தது. ஆயினும் தீர்த்தம் ஸாதிக்கும்போது உத்தரணியிலிருந்து விழும் நீர் ஸேவார்த்தியின் உள்ளங்கையில் விழாமல் பக்கத்தில் விழும். திரியை ஏற்றப் போனால் சுடர் திரிக்கு முன்னேயோ பின்னேயோ நிற்கும். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் அளக்கத் தெரியவில்லை. இவையெல்லாம் ஆறேழு மாதத்தில் கைப்பழக்கத்தால் சரியாயின. மனம் மட்டும் சரியாகவில்லை. நடுநிசியில் எழுந்து விளக்கேற்றி, மூடத் தேவையில்லாத இடக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, சுவரிலுள்ள பஞ்சாங்கத்தின் எழுத்துக்கள் வலக்கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பார்ப்பேன். தெரிந்தாலும் உறக்கம் வாராது. எம்பெருமான் திருமேனியைத் தீண்டும் கைங்கரியத்தில் அங்கக்குறையுள்ளவன் நிற்கலாமோ என்ற அச்சம் வேறு. பெரியோர்கள் ஆராய்ந்து, தடையில்லை என்று ஸாதித்த பின்னும் அவ்வச்சம் விடவில்லை.

அந்நாட்களில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஆழ்வானை எடுத்துக்காட்டினார்கள். அவர் இரு கண்களையும் இழந்தும் கலங்கவில்லையே, உமக்கு ஒரு கண்தானே என்பது அவர்கள் வார்த்தையின் கருத்து. நல்லெண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் அதைக் கேட்டபோதெல்லாம் துக்கத்தோடு வெட்கமும் சேர்ந்துகொண்டதே தவிர, துக்கம் குறையவில்லை. பிறகு ஒருநாள் குருபரம்பரையை எடுத்து, இருக்கிற கண்ணால் மறுபடி வாசித்தேன். அவர்கள் சொன்னபடி அதில் இல்லை.

காஞ்சிக்கு அருகிலுள்ள கூரம் என்னும் ஊரில், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தை மாதம் ஹஸ்த நக்ஷத்திரத்தில் அவதரித்தவர் ஆழ்வான். ஸ்ரீவத்ஸாங்கர் என்பது திருநாமம். 1017இல் அவதரித்த எம்பெருமானாருக்குச் சில ஆண்டுகள் மூத்தவர். பெருஞ்செல்வர். அவர் திருமாளிகையில் அன்னதானம் முடிந்து இரவில் கதவடைக்கும் ஓசை, காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் செவிக்கு எட்டியது என்பர். அச்செல்வமனைத்தையும் விட்டுத் தேவிகளான ஆண்டாளுடன் திருவரங்கம் வந்து, உஞ்சவ்ருத்தியால் காலக்ஷேபம் செய்தார். வரும் வழியில், காட்டில் கள்வர் பயமுண்டோ என்று ஆண்டாள் வினவ, மடியில் ஏதேனும் இருந்தாலன்றோ பயம் என்றார் ஆழ்வான். அவருக்கு அமுது செய்யவென்று ஒரு பொன்வட்டிலை மட்டும் கொண்டுவந்திருப்பதாக ஆண்டாள் தெரிவிக்க, அதையும் வாங்கி எறிந்துவிட்டு நடந்தார். இவ்வரலாற்றைச் சிறுவயதில் பாடசாலையில் கேட்டபோது பொன்வட்டில் போயிற்றே என்றுதான் தோன்றியது.

போதாயன வ்ருத்தியைத் தேடி எம்பெருமானார் காச்மீரம் எழுந்தருளியபோது ஆழ்வான் உடன் சென்றார். கிடைத்த கிரந்தத்தை அவ்வூர்ப் பண்டிதர்கள் வழியிலேயே பறித்துக்கொண்டார்கள். உடையவர் வருந்த, இரவுதோறும் மற்றவர்கள் உறங்கும் வேளையில் அதனைத் தாம் வாசித்து முடித்துவிட்டதாகவும், முழுதும் நெஞ்சில் இருப்பதாகவும் ஆழ்வான் விண்ணப்பம் செய்தார். பின்பு ஸ்ரீபாஷ்யம் அருளிச்செய்தபோது அதைப் பட்டோலை கொண்டவரும் அவரே. ஆசார்யன் சொன்னது தமக்கு உடன்பாடாகாவிடில் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும் என்பது அவருக்கு இட்ட கட்டளை. ஜீவாத்மாவின் ஸ்வரூபம் பற்றிய ஓரிடத்தில் அவ்வாறே எழுத்தாணியை நிறுத்தி, உடையவரின் சீற்றத்துக்கும் ஆளானார். உடையவர் பிறகு ஆராய்ந்து, ஆழ்வான் நிறுத்தியதே சரியென்று திருத்தி அருளினார். வாசிக்கவும் எழுதவும் இவ்வளவு பயன்பட்ட கண்கள் அவை என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

சோழ அரசன் ஒருவன், சிவனுக்கு மேற்பட்ட தெய்வமில்லை என்று வித்வான்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினான். அவன் எந்தச் சோழன் என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் ஒருமித்த கருத்தில்லை. ஓர் அரசனின் அதிகார மயக்கத்தை எந்தச் சமயத்தார்மீதும் ஏற்றிச் சொல்வதும் முறையன்று. அரசனின் ஆட்கள் எம்பெருமானாரை அழைத்துப்போக வந்தபோது, ஆழ்வான் அவருடைய காஷாயத்தையும் த்ரிதண்டத்தையும் தாம் தரித்துக்கொண்டு, தாமே இராமாநுசர் என்று சொல்லிச் சென்றார். முதியவரான பெரிய நம்பிகளும் அவர் திருமகளார் அத்துழாயும் உடன் சென்றனர். ஸபையில் கையெழுத்திட மறுக்கவே, கண்களைப் பிடுங்கும்படி அரசன் ஆணையிட்டான். ஆழ்வான் தம் கண்களைத் தம் கையாலேயே களைந்துகொண்டார் என்று குருபரம்பரை சொல்லும். நம்பிகளும் கண்ணிழந்து, திருவரங்கம் திரும்பும் வழியிலேயே பரமபதித்தார்.

இதற்கு மேல் நடந்ததைத்தான் நாம் விரைந்து வாசித்துக் கடந்துவிடுகிறோம். ஆழ்வான் திருவரங்கம் திரும்பியபோது அவருக்கு என்ன மிஞ்சியிருந்தது? ஆசார்யன் மேல்நாட்டுக்கு எழுந்தருளிவிட்டார். நம்பிகள் இல்லை. தட்டித் தடவிக் கோயில் வாசலுக்கு வந்தால், இராமாநுச ஸம்பந்தம் உள்ளவரை உள்ளே விடலாகாது என்று அரசாணை. காவலன் ஒருவன் தடுத்தான். மற்றொருவன், இவர் எல்லாருக்கும் நல்லவர், இவரை விடலாம் என்று இரங்கினான். தம் நற்குணத்தைக் காரணம் காட்டி, ஆசார்ய ஸம்பந்தத்தை ஒதுக்கிவிட்டு உள்ளே செல்ல ஆழ்வான் இசையவில்லை. பெரிய பெருமாளை ஸேவியாமலே திரும்பினார். கண் போய்விட்டது, இனி ஸேவித்து ஆவதென்ன என்று இருந்துவிடாமல் வாசல்வரை வந்தாரே, அது ஒன்று. வந்தும் திரும்பினாரே, அது மற்றொன்று. அந்த இரவு அவர் திருவுள்ளம் எப்படியிருந்திருக்கும் என்று குருபரம்பரை எழுதவில்லை. அடியேன் அதைப் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

பிறகு குடும்பத்தோடு திருமாலிருஞ்சோலைக்குச் சென்று, அழகர் திருவடியில் வாசம் செய்தார். உடையவர் மேல்நாட்டில் இருந்த காலம் 12 ஆண்டுகள் என்பது ஸம்ப்ரதாயம். அங்கேதான் ஆழ்வான் ஸுந்தரபாஹு ஸ்தவம் அருளிச்செய்தார். 130க்கு மேற்பட்ட ச்லோகங்கள். மலையின் வளமும், அழகருடைய திருமுடி தொடங்கித் திருவடி ஈறாக ஒவ்வோர் அவயவத்தின் அழகும், திருவாபரணங்களும் அதில் வர்ணிக்கப்படுகின்றன. கண்ணில்லாதவர் பாடியது என்று முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவருக்குப் பாடம் சொன்னால், அவருக்கு அந்த ஸந்தேகமே எழாது. காச்மீரத்து இரவுகளில் கிரந்தத்தை நெஞ்சில் வைத்தவருக்கு, திருமேனியழகும் அவ்வாறே நெஞ்சில் இருந்தது போலும்.

ஆனால் அந்த ஸ்தவம் வர்ணனையோடு முடியவில்லை என்பதே அடியேன் சொல்ல வந்தது. முடிவில் ஆழ்வான் வேண்டுகிறார். திருவரங்கத்து வாஸம் மீண்டும் கிடைக்க வேண்டும், எம்பெருமானாரோடு கூடி இடையூறின்றி அங்கே வாழ வேண்டும் என்று அழகரிடம் கேட்கிறார். துயரமே இல்லாதவர் அப்படிக் கேட்கமாட்டார். நம்மவர் சொல்வது போல அவர் கலங்காதவர் அல்லர். கலக்கத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னவர். கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஆண்டாள் இருந்தாள் என்பதையும் மறக்கலாகாது. தாம் தனியே தாங்கிக்கொள்வதாக அவர் எங்கும் சொன்னதில்லை.

அடியேன் இதை வாசித்தபின்தான் வீட்டாரிடம் வாய் திறந்தேன். அதுவரை அவர்கள், கண் ஒன்று போனாலும் ஸ்வாமி தைரியமாக இருக்கிறார் என்றே எண்ணியிருந்தார்கள். கண் வைத்தியரிடமும் உறக்கமின்மையையும் பயத்தையும் சொன்னேன். இதுவும் சிகிச்சைக்குரியதே என்று சொல்லி, மனநல வைத்தியரிடம் அனுப்பிவைத்தார். முன்பே சொல்லியிருக்கலாம்.

அரசன் மாண்ட செய்தி கேட்டு எம்பெருமானார் திருவரங்கம் திரும்பினார். ஆழ்வானும் வந்து திருவடியில் விழுந்தார். உடையவர் அவரை எடுத்து அணைத்து, நம் தர்சனத்துக்காகத் தம் தர்சனத்தை இழந்தீரே என்று கண்ணீர் பெருக்கினார். ஆழ்வானோ, யாரோ ஒரு ஸ்ரீவைஷ்ணவரின் திருமண்காப்புக் கோணலாயிருக்கிறதென்று எப்போதாவது நினைத்திருப்பேன், அதன் பலன் என்று தம்மேலேயே குற்றத்தை ஏற்றிக்கொண்டார். ஏன் எனக்கு இது நேர்ந்தது என்று தேடி, தன்னிடமே ஒரு பிழையைக் கண்டுபிடிப்பது கண்ணிழந்த பலருக்கும் உள்ள வழக்கம். உடையவர் அந்தச் சமாதானத்தோடு நின்றுவிடவில்லை. விதி என்று தேற்றவுமில்லை. காஞ்சிக்குச் சென்று, கேட்டதைக் கொடுக்கும் பேரருளாளனிடம் கண்ணைத் திரும்பக் கேளும் என்று நியமித்தார்.

ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தைப் பாடி விண்ணப்பம் செய்தார். வேண்டுவது யாது என்று பெருமாள் திருவுள்ளமாக, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று கேட்டுவிட்டார். நாலூரான் என்பவன் அரசனைத் தூண்டிவிட்டு இவ்வளவுக்கும் காரணமானவன். பெருமாளும் அப்படியே ஆகட்டும் என்றருளினார். கேட்டவர்களெல்லாம் ஆழ்வானின் பெருந்தன்மையைப் போற்றினார்கள். எம்பெருமானாருக்கு மட்டும் திருவுள்ளம் குறைவுபட்டது. ஆழ்வானுடைய சரீரமும் கண்களும் ஆழ்வானுக்குச் சொந்தமல்ல, ஆசார்யனான தமக்குச் சொந்தம், தமது பொருளை வேண்டாமென்று விட அவருக்கு உரிமையில்லை என்பது அவர் எண்ணம். மறுபடியும் கேட்கச் செய்தார். பெருமாளையும் எம்பெருமானாரையும் ஸேவிக்கும் அளவுக்குப் பார்வை அருளப்பட்டது என்பது ஒரு ஸம்ப்ரதாயம். இவ்விடத்தில் பாடபேதங்கள் உண்டு. ஆழ்வானுக்குக் கண் வேண்டும் என்று உடையவர் கேட்கச் சொன்னதில் பேதமில்லை.

இதன்பின் ஆழ்வான் திருவரங்கத்திலேயே எழுந்தருளியிருந்து, குமாரரான பராசர பட்டர் தலையெடுத்து விளங்குவதையும் கண்டு மகிழ்ந்தார். முதுமையில் ஒருநாள் நம்பெருமாள் திருமுன்பே சென்று, பரமபதம் அருள வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். செய்தியறிந்த எம்பெருமானார் துடித்துப்போய், தம்மை விட்டு முன்னே செல்லலாமோ என்று வினவினார். ஆசார்யன் எழுந்தருளும்போது வாசலில் நின்று எதிர்கொண்டு அழைக்க, அடியவன் முன்னதாகவே அங்கே போயிருக்க வேண்டுமல்லவா என்று ஆழ்வான் விண்ணப்பம் செய்தார்.