பாட்ரிக் ரசல்

பாட்ரிக் ரசல் (பெப்ரவரி 6, 1726/27 – ஜூலை 2, 1805) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவரும் இயற்கையியலாளரும் ஆவார். இந்தியப் பாம்புகளை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். கண்ணாடி விரியனின் அறிவியற் பெயரான டபோயா ரசெலியை இவரது நினைவாக அமைந்தது. இவர் சேகரித்த பாம்புகளும் வெளியிட்ட படங்களும் இன்றும் பாம்பினங்களின் பெயர்களை உறுதிசெய்ய உதவுகின்றன.

வாழ்க்கைச் சுருக்கம்

எடின்பரோவில் பிறந்த ரசல், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் 1750-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் சிரியாவின் அலெப்போ நகருக்குச் சென்று, அங்கு மருத்துவராக இருந்த தம் மாற்றாந்தாய் வழி அண்ணன் அலெக்சாண்டர் ரசலுடன் இணைந்தார். அண்ணன் நாடு திரும்பியபின் 1753-ல் அவரது பணியை ஏற்றார். 1760 முதல் 1762 வரை அங்கு பரவிய கொள்ளைநோயின்போது பெற்ற பட்டறிவைக் கொண்டு 1791-ல் ஒரு நூல் வெளியிட்டார். 1777-ல் அரச கழகத்தின் உறுப்பினரானார்.

இந்தியாவில்

கிழக்கிந்தியக் கம்பனியில் பணியாற்றிய தம்பி குளோடுடன் 1780களின் தொடக்கத்தில் ரசல் விசாகப்பட்டினம் வந்தார். கம்பனியின் இயற்கையியலாளராக இருந்த யோகான் கோனிக் 1785-ல் இறந்ததும் அப்பதவி ரசலுக்கு வழங்கப்பட்டது.

பாம்புக்கடியால் ஏற்படும் இறப்புகள் அவரது கவனத்தை ஈர்த்தன. நச்சுப்பாம்பையும் நஞ்சற்ற பாம்பையும் எவரும் பிரித்தறியத்தக்க அடையாளங்களைக் கண்டறிவதே அவரது நோக்கமாக இருந்தது. நாய்களையும் கோழிகளையும் கொண்டு நஞ்சின் வலிமையைச் சோதித்தார். பாம்புக்கடிக்கு மருந்தாகக் கருதப்பட்ட தஞ்சாவூர் மாத்திரையையும் ஆராய்ந்தார். 1789-ல் இங்கிலாந்து திரும்பினார். சோழமண்டலக் கரைப் பாம்புகள் பற்றிய அவரது நூலின் முதற்பகுதி 1796-ல் வெளியானது. இரண்டாம் பகுதி 1801 முதல் சிறு பிரிவுகளாக வந்தது. அதன் இறுதிப் பிரிவுகள் அவரது மறைவுக்குப் பின்னரே வெளியாயின.

பெயரிடலில் பங்கு

ரசல் தம் பாம்புகளுக்கு லின்னேயசின் முறையிலான இருசொற் பெயர்களை இடவில்லை. உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களையே எழுதினார். எனவே அவரது படங்களைப் பார்த்த ஐரோப்பிய அறிஞர்கள் தாமே பெயரிட்டனர். ஜார்ஜ் ஷாவும் நாடரும் 1797-ல் கண்ணாடி விரியனுக்குப் பெயரிட்டனர். 1801-ல் ஷ்னைடர் கட்டுவிரியனுக்கும், ஆரணியிலிருந்து ரசல் பெற்ற சுருட்டை விரியனுக்கும் பெயரிட்டார். கட்டுவிரியன் பேரினத்தின் பெயரான பங்காரஸ், ரசல் பதிவுசெய்த தெலுங்குப் பெயரிலிருந்து வந்ததாகும்.

ஒரே பாம்புக்குப் பலர் பெயரிட்டதால் குழப்பமும் விளைந்தது. கண்ணாடி விரியனையே 1803-ல் தோதான் வேறு பெயரால் விவரித்தார். முந்திய பெயருக்கே முன்னுரிமை என்னும் விதிப்படி ஷாவின் பெயர் நிலைத்தது. அப்பெயரில் ஓர் எழுத்து குறைந்திருப்பதாகக் கருதிப் பிற்காலத்தார் அதைத் திருத்தி எழுதினர். ஆயினும் முதலில் வெளியான எழுத்து வடிவமே சரியானதென 2000-ல் விளக்கப்பட்டது.

பச்சைக் குழிவிரியன்களில் குழப்பம் இன்னும் பெரிது. ரசலின் விசாகப்பட்டினப் பாம்பின் அடிப்படையில் 1802-ல் ஷா ஒரு பாம்புக்குக் கிராமினியஸ் என்று பெயரிட்டார். நாளடைவில் தென்கிழக்காசியாவின் பல பச்சை விரியன்களும் இப்பெயரிலேயே அடக்கப்பட்டன. இவற்றுள் பல இனங்கள் கலந்திருப்பதைப் போப் இணையர் 1933-ல் அருங்காட்சியக மாதிரிகளைக் கொண்டு காட்டினர். ஆனால் அவர்களும் அப்பெயரைத் தென்கிழக்காசிய இனம் ஒன்றுக்கே வழங்கினர். 1937-ல் மால்கம் சிமித் அப்பெயரை இந்தியத் தீபகற்பப் பாம்புக்கு உரியதாக்கி, மற்றதற்குப் போப் இணையரின் பெயரைச் சூட்டினார்.

விலங்கியற் பெயரிடல் விதிகளின்படி, ஒரு பெயர் படத்தை அடிப்படையாகக் கொண்டிருந்தால், அப்படத்தில் உள்ள விலங்கே வகை மாதிரியாகும். இனங்கள் பிரிக்கப்படும்போது அம்மாதிரி எந்த இனத்தைச் சேர்ந்ததோ அதற்கே பழைய பெயர் உரியது. இதனால் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் எஞ்சியுள்ள ரசலின் பாம்புகள் முதன்மை பெறுகின்றன. கண்ணாடி விரியனின் கிழக்காசிய வகை 2007-ல் தனி இனமாகப் பிரிக்கப்பட்டபோதும், ரசலின் பெயர் இந்தியப் பாம்புக்கே நிலைத்தது.

முக்கியத்துவம்

இந்தியாவில் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு தயாரிக்கப்படுகின்றது. இவற்றுள் நாகம் நீங்கலான மூன்றின் அறிவியற் பெயர்களும் ரசலின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டவை. ஓரினத்தின் நஞ்சுக்கான மருந்து மற்றோரினத்தின் கடிக்குப் பயனளிக்காமல் போகலாம். ஆகவே எந்தப் பெயர் எந்தப் பாம்பைக் குறிக்கின்றது என்பது மருத்துவத்திலும் உயிர் காக்கும் செய்தியாகும்.