ஒலிம்பிக் வென்ற ஆசிரியர் எரிக் லிடெல்

எரிக் லிடெல் என்ற பெயரைக் கேட்டதும் 1924-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயமும் அதில் அவர் வென்ற தங்கப் பதக்கமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். 1981-இல் வெளியான 'சேரியட்ஸ் ஆஃப் ஃபயர்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் அப்புகழை உலகெங்கும் பரப்பிற்று. ஆனால் அவருடைய ஓட்டம் முடிந்த இடத்தில் அப்படமும் முடிந்துவிடுகிறது. அதன்பின் அவர் வாழ்ந்த 20 ஆண்டுகளில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகளோடு கழிந்தது. ஆசிரியத் தொழிலில் தலை நரைத்துப் போன எனக்கு அந்தப் பிற்பகுதியே பெரிதாகத் தோன்றுகிறது. நம் இளைஞர்கள் அதனையும் அறிய வேண்டும் என்றே இதை எழுதலானேன்.

லிடெல் 16-1-1902 அன்று சீனாவிலுள்ள தியன்ட்சின் நகரில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து நாட்டினர். லண்டன் மிஷனரி சங்கத்தின் ஊழியர்கள். ஆறு வயதில் அண்ணன் ராபுடன் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென நடந்த விடுதிப் பள்ளியில் சேர்க்கப்பட்டார். தாய் தந்தையர் கடலுக்கு அப்பால் இருக்க, பிள்ளை விடுதியில் வளர்ந்தது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்ற காலத்தில் ஸ்காட்லாந்து நாட்டு ரக்பி அணியில் ஏழு முறை ஆடினார். ஓட்டத்திலோ அவருக்கு நிகர் அவரே. தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்தபடி, கைகளை வீசி ஓடும் அவரது பாணி எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாதது. 1923-இல் ஒரு 440 கெஜ ஓட்டத்தில் புறப்பட்ட சில அடிகளிலேயே பிறர் இடித்துக் கீழே விழுந்தார். எழுந்து ஓடி, முன்னே சென்றிருந்த அனைவரையும் கடந்து வென்றார்.

பாரிஸில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்கட்டப் போட்டிகள் 1924 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை என்று குறிக்கப்பட்டன. ஞாயிறு ஆண்டவருக்குரிய ஓய்வுநாள் என்பது லிடெலின் விசுவாசம். அவர் ஓட மறுத்தார். கப்பலேறும் வேளையில்தான் இதனை அறிந்தார் என்று திரைப்படம் காட்டுவது உண்மையன்று. பல மாதங்களுக்கு முன்னரே அறிந்து, 400 மீட்டருக்குத் தம்மைப் பழக்கிக்கொண்டார். நாட்டுப்பற்று இல்லாதவர் என்று பழித்தவர்கள் இருந்தனர். அவர் எதிர்வாதம் செய்துகொண்டிருக்கவில்லை. அந்த ஞாயிறன்று பாரிஸிலிருந்த ஸ்காட்லாந்து ஆலயத்தில் பிரசங்கம் செய்தார். 200 மீட்டரில் மூன்றாமிடம் பெற்றார். ஜூலை 11-இல் 400 மீட்டரை 47.6 வினாடிகளில் ஓடித் தங்கம் வென்றார்.

அப்போது அவருக்கு வயது 22. விரும்பியிருந்தால் அப்பெயரை வைத்தே வாழ்ந்திருக்கலாம். அடுத்த ஆண்டே சீனா திரும்பி, தியன்ட்சின் ஆங்கிலோ-சீனக் கல்லூரி என்னும் பள்ளியில் அறிவியல் கற்பிக்கவும் விளையாட்டுப் பயிற்சி அளிக்கவும் அமர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அப்பணி. 1934-இல் கனடா நாட்டு மிஷனரிகளின் மகளான ஃபுளோரன்ஸ் மெக்கன்சியை மணந்தார். 1937-இல் ஜப்பானியப் படையெடுப்பு மூண்டபோது, நகரத்துப் பள்ளியை விட்டு, அண்ணன் மருத்துவராக இருந்த சியாவோசாங் என்னும் நாட்டுப்புற ஊருக்குச் சென்று போரின் நடுவே ஊழியம் செய்தார். 1941-இல் கருவுற்றிருந்த மனைவியையும் இரு பெண்மக்களையும் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். அங்கே பிறந்த மூன்றாவது மகளை அவர் கண்ணால் காணவே இல்லை.

1943 மார்ச் மாதம் வெய்சியன் என்னுமிடத்தில் ஜப்பானியர் அமைத்திருந்த தடுப்புக்காவல் முகாமில் லிடெல் அடைக்கப்பட்டார். பழைய மிஷன் வளாகம் ஒன்றின் சுவர்களுக்குள் 1,500-க்கும் மேற்பட்டோர் நெருக்கி வைக்கப்பட்டிருந்தனர். சீபூ என்ற ஊரின் மிஷன் பள்ளிப் பிள்ளைகளும் அங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்களிற் பலர் பெற்றோர் முகம் பார்த்து ஆண்டுகள் ஆகியிருந்தன. தாமும் அவ்வாறு வளர்ந்த பிள்ளையே ஆதலின், அவர்களது மனத்தை லிடெலுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் அவரை எரிக் மாமா என்றே அழைத்தனர்.

அங்கே ஆய்வுக்கூடம் இல்லை. குடுவை இல்லை, சோதனைக்குழாய் இல்லை. வேதியியல் பாடத்தைத் தம் கைப்பட எழுதி, கருவிகளின் படங்களை நினைவிலிருந்தே வரைந்து, ஒரு நூலாகவே ஆக்கிக் கொடுத்தார். கரும்பலகையில் குடுவையை வரைந்துகாட்டி, அதற்குள் வாயு உண்டாவதாக எண்ணிக்கொள்ளச் சொல்லிப் பாடம் நடத்திய அனுபவம் எனக்கும் உண்டு. சுற்றிலும் காவற்காரர் நிற்க, வயிறு பாதி காலியாக இருக்க, அதை நாள்தோறும் செய்வது வேறு.

மாலையில் விளையாட்டு. உடைந்த ஹாக்கி மட்டைகளைப் படுக்கை விரிப்பைக் கிழித்துக் கட்டிச் செப்பனிட்டார். முதியோருக்குத் தண்ணீர் சுமந்தார். விடியுமுன் எழுந்து, கடலை எண்ணெய் விளக்கொளியில் வேதம் வாசித்து ஜெபித்த பிறகே இவையெல்லாம் தொடங்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் விளையாட்டுக்கு அவர் நடுவராக நிற்பதில்லை. ஒரு ஞாயிறு, பொழுது போகாத பிள்ளைகள் தாமாகவே ஹாக்கி ஆடத் தொடங்கினர். நடுவர் இல்லாத ஆட்டம் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு லிடெல் மைதானத்துக்கு வந்து, நடுவராக நின்று ஆட்டத்தை நடத்திக் கொடுத்தார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். நாட்டின் பெயருக்காகவும் தங்கத்துக்காகவும் எந்த நாளை விட்டுக்கொடுக்கவில்லையோ, அந்த நாளைச் சில சிறுவர் சிறுமியரின் சண்டையைத் தீர்க்க விட்டுக்கொடுத்தார். கொள்கையில் தளர்ந்தார் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. பாரிஸில் அவர் இழந்தது தம்முடைய பதக்கம் மட்டுமே. முகாமில் கொள்கையைப் பிடித்து நின்றிருந்தால் இழப்பு பிள்ளைகளுடையதாக இருந்திருக்கும். அந்த வேறுபாட்டை அறிந்தவராக அவர் இருந்தார்.

1944-இன் இறுதியில் அவருக்குக் கடுமையான தலைவலி கண்டது. ஓயாத உழைப்பால் வந்த நரம்புத் தளர்ச்சி என்று கருதினர். 1945 பிப்ரவரி 21-ஆம் நாள், 43-ஆம் வயதில் காலமானார். மூளையில் கட்டி இருந்தது இறந்த பின்னரே தெரியவந்தது. அவர் கற்பித்த பிள்ளைகள் வழியின் இருமருங்கும் நிற்க, உடல் அடக்கம் செய்யப்பட்டது. கனடாவிலிருந்த மனைவிக்குச் செய்தி எட்டச் சில மாதங்கள் ஆயின. அதே ஆகஸ்டு 17-ஆம் நாள் முகாம் விடுவிக்கப்பட்டது. 1991-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தார் ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து கருங்கல் கொண்டுவந்து அங்கே நினைவுக்கல் நாட்டினர்.

இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, குளிரில் காலணியின்றி இருந்த ஸ்டீபன் மெட்காஃப் என்ற மாணவனுக்கு லிடெல் தம் பழைய ஓட்டக் காலணிகளைக் கொடுத்தார். மலைப்பிரசங்கத்தைக் கற்பித்தபோது, காவல் நின்ற ஜப்பானியருக்காக ஜெபிக்கும்படி அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. போர் முடிந்து ஏழாண்டுகளுக்குப் பின், 1952-இல், அந்த மாணவன் மிஷனரியாக ஜப்பானுக்குச் சென்று ஏறத்தாழ 40 ஆண்டுகள் அம்மக்களிடையே ஊழியம் செய்தான்.