ஊரைச் சிரிக்க வைத்த கிரிமால்டி

அவர் மேடைக்கு வருவார். ஒரு கண்ணைச் சிமிட்டுவார். கொட்டகையே சிரிப்பால் அதிரும்.

அவர்தான் ஜோசப் கிரிமால்டி. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கோமாளி நடிகர். மைக் இல்லாத காலம். மின்சார விளக்கு இல்லாத காலம். முகத்தையும் உடம்பையும் ஆட்டியே லண்டன் மக்களை மகிழ்வித்தார். அந்தச் சிரிப்புக்காகத் தன் உடம்பையே தேய்த்துக் கொண்டார்.

சங்கிலி அறுந்தது

1778-ம் ஆண்டு டிசம்பர் 18-ந்தேதி லண்டனில் கிரிமால்டி பிறந்தார். தந்தை இத்தாலிக்காரர், டூரி லேன் நாடகக் கொட்டகையில் நடன ஆசிரியர். மிகவும் முரட்டு மனிதர்.

மூன்று வயது நிரம்பும் முன்பே மகன் மேடை ஏறினான். குரங்கு வேடம் போட்ட சிறுவனைச் சங்கிலியில் கட்டி, தந்தை தலைக்கு மேலே சுழற்றுவார். ஒருநாள் சங்கிலி அறுந்தது! சிறுவன் பறந்துபோய், வேடிக்கை பார்த்த ஒரு கிழவரின் மேல் விழுந்தான். நல்லவேளை, உயிர் தப்பினான்.

1788-ல் தந்தை இறந்தார். அப்போது கிரிமால்டிக்கு வயது 9. சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற கொட்டகையில், வாரம் 15 ஷில்லிங்காக இருந்த அவனது சம்பளத்தை 3 ஷில்லிங்காகக் குறைத்து விட்டார்கள். ஆனாலும் சிறுவன் மேடையை விடவில்லை.

வெள்ளை முகம்

வாலிப வயதில் கோமாளி வேடத்துக்குப் புது உருவம் கொடுத்தார். முகம் முழுவதும் வெள்ளைச் சாயம். கன்னங்களில் சிவப்பு முக்கோணம். வெள்ளை பூசும் கோமாளிகளுக்கு அவரே வழிகாட்டி.

1800-ல் பேரிடி விழுந்தது. ஆசை மனைவி மரியா பிரசவத்தில் இறந்தார். துக்கத்தை நெஞ்சில் அடக்கிக்கொண்டு, மறுபடியும் மேடை ஏறினார்.

1806 டிசம்பர் 29-ந்தேதி, கோவன்ட் கார்டன் கொட்டகையில் "மதர் கூஸ்" நாடகம் அரங்கேறியது. கிரிமால்டியைக் காண லண்டனே திரண்டது.

காய்கறிகளை அடுக்கி ஒரு மனிதனைச் செய்வார். அது உயிர் பெற்று அவரையே அடிக்க வரும்! சுட்ட ஆப்பிள் விற்கும் கிழவியைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுவார். மதுவின் பெயர் வரும் இடத்தில் சட்டென்று நிறுத்துவார். ரசிகர்கள் ஒரே குரலில் அந்தப் பெயரைக் கத்துவார்கள். உடனே, "இப்படியும் பேசலாமா" என்பதுபோல முகம் சுளிப்பார். மீண்டும் சிரிப்பு!

ஒரு கதை

அவரைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. மனக்கவலையால் வாடிய ஒருவர் மருத்துவரிடம் போனாராம். கிரிமால்டியின் நாடகத்தைப் பார்த்தால் கவலை தீரும் என்றாராம் மருத்துவர். வந்தவரோ, அந்தக் கிரிமால்டியே நான்தான் என்றாராம்.

கதை எப்படியோ, துன்பம் உண்மை. குதித்தும் விழுந்தும் மூட்டுகள் பழுதாயின. 1823-ல், நாற்பத்தைந்து வயதுக்குள்ளேயே நடிப்பை நிறுத்த நேர்ந்தது.

கடைசி மேடை

1828 ஜூன் 27-ந்தேதி டூரி லேனில் பிரிவு விழா. கொட்டகை நிரம்பி வழிந்தது. கிரிமால்டியால் நிற்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே நடித்தார். பழைய ஆப்பிள் பாட்டையும் பாடினார். பிறகு எல்லோரிடமும் விடை பெற்றார்.

1832-ல் ஒரே மகனும் இறந்தான். கடைசி நாட்களில் மாலைதோறும் பக்கத்து மதுக்கடையில் பொழுது போக்குவார். இரவில் கடைக்காரர் அவரை முதுகில் சுமந்து வந்து வீட்டில் விடுவார். 1837 மே 31-ந்தேதி கிரிமால்டி காலமானார்.

லண்டனில் அவரது கல்லறை உள்ள இடம் இன்று அவர் பெயரிலேயே பூங்காவாக இருக்கிறது. ஆண்டுதோறும் பிப்ரவரியில், கிழக்கு லண்டன் தேவாலயம் ஒன்றில் கோமாளிகள் வேடத்துடனேயே கூடி, அவரை நினைத்துப் பிரார்த்தனை செய்கிறார்கள்.