கோயிலுக்கு மூன்று முறை இடம் தேடிய நாராயண பிள்ளை

1819ஆம் ஆண்டு மே மாதம். சர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் இரண்டாவது முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தார். அவர் வந்த ‘இந்தியானா’ கப்பலில் பினாங்கிலிருந்து தமிழர் ஒருவரும் வந்து இறங்கினார். பினாங்கில் அரசாங்க ஊழியராக இருந்த நாராயண பிள்ளைதான் அவர்.

துறைமுகம் திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வீடுகளுக்கும் கடைகளுக்கும் தேவை பெருகி வந்ததைப் பிள்ளை கவனித்தார். செங்கல் சூளை ஒன்றை அமைத்தார். பினாங்கிலிருந்த நண்பர்களுக்குச் சொல்லி அனுப்பி, கொத்தனார்களையும் தச்சர்களையும் துணி வணிகர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் என்று இன்று அவர் அறியப்படுகிறார்.

கிராஸ் ஸ்திரீட்டில் அவர் நடத்திய துணிக்கடையும் நன்றாக வளர்ந்தது. ஆனால், 1822ல் ஏற்பட்ட தீயில் கடை அழிந்தது. ஆங்கிலேய வணிகர்களிடம் கடனுக்கு வாங்கிய சரக்கும் எரிந்துபோனது. கடனை அடைக்க வழி தெரியாத நிலையில் அவர் ராஃபிள்சின் உதவியை நாடினார். இன்று ராஃபிள்ஸ் பிளேஸ் என வழங்கும் அன்றைய வணிகச் சதுக்கத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கு மீண்டும் தொழிலைத் தொடங்கி விரைவில் தலைநிமிர்ந்தார்.

தண்ணீர் இல்லாத நிலம்

கடை எழுந்ததும் எரிந்ததும் மீண்டும் எழுந்ததுமான அதே ஆண்டுகளில் பிள்ளை இன்னொரு முயற்சியையும் கைவிடாமல் தொடர்ந்தார். அது கோயிலுக்கான இடம்.

முதலில் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நிலம் ஒதுக்கப்பட்டது. ஆனால், அங்கே நல்ல தண்ணீர் வசதி இல்லை. அபிஷேகத்துக்கும் அன்றாடப் பூசைக்கும் தண்ணீர் இன்றியமையாதது. கைகால் கழுவிவிட்டுச் சன்னிதிக்குள் நுழையும் பக்தருக்கும் அது வேண்டும். அதனால் அந்த இடம் பொருந்தவில்லை.

1821ல் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் அருகே வேறொரு நிலம் கிடைத்தது. மறு ஆண்டு வரையப்பட்ட நகரத் திட்டத்தால் அங்கும் கோயில் கட்ட முடியாமல் போனது. 1823ல்தான் சவுத் பிரிட்ஜ் சாலையில் இன்றுள்ள இடம் அமைந்தது.

1827ல் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் எளிய கோயில் ஒன்று எழுந்தது. பிள்ளை அதில் ‘சின்ன அம்மன்’ எனப்படும் சிறிய மாரியம்மன் திருவுருவை நிறுவினார். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயிலான ஸ்ரீ மாரியம்மன் கோயில் அப்படித்தான் தொடங்கியது. செங்கல் சூளை வைத்திருந்தவர் கட்டிய கோயிலுக்குச் செங்கல் கட்டடம் 1843ல்தான் வந்தது. இன்று காணும் கட்டடத்தின் பெரும்பகுதி 1862, 1863ஆம் ஆண்டுகளில் எழுப்பப்பட்டது.

கப்பலிலிருந்து நேராகக் கோயிலுக்கு

அக்காலத்தில் இங்கு வந்த தமிழர்களில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாகக் கடல் கடந்த ஆண்கள். கையிலிருக்கும் காசு தீர்வதற்குள் வேலை தேட வேண்டும். நோய் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கவும் ஆளில்லை.

அத்தகையவர்களுக்கு இந்தக் கோயில் புகலிடமாக இருந்தது. வேலையும் நிரந்தரத் தங்குமிடமும் கிடைக்கும்வரை புதிதாக வந்தவர்கள் இங்கே தங்கினர். அம்மனைத் தனியாக இருந்தும் மனத்தில் வேண்டிக்கொள்ளலாம். ஆனால், எங்கே ஆள் எடுக்கிறார்கள், எந்த முதலாளி நேரத்துக்குக் கூலி தருவார் என்பதையெல்லாம் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சொல்ல முடியும்.

பின்னாளில் இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் கோயில் விளங்கியது. ஒரு காலத்தில் இந்துத் திருமணங்களை நடத்திவைக்க அதிகாரம் பெற்றிருந்த ஒரே கோயிலும் இதுவே. தனியாளாக வந்து தங்கியவர் மணமகனாக நின்றதும் இதே வாசலில்தான்.

இந்தத் தேவை இந்துக்களுக்கு மட்டும் இருக்கவில்லை. அதே சவுத் பிரிட்ஜ் சாலையில் சூலியா முஸ்லிம்கள் 1826ல் ஜாமிஆ பள்ளிவாசலை நிறுவினர். பிள்ளைக்கு முதலில் ஒதுக்கப்பட்ட தெலுக் ஆயர் ஸ்திரீட்டில், 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா எழுந்தது. கடல் கடந்து வந்த தமிழர்கள், எந்தச் சமயத்தவராயினும், முதலில் தேடியவற்றுள் ஒன்று தம்மவர் கூடும் இடம்.

பூட்டிய கதவும் திறந்த கதவும்

1973ல் ஸ்ரீ மாரியம்மன் கோயில் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2019ல், நவீன சிங்கப்பூரின் 200ஆம் ஆண்டு நிறைவையொட்டி, சிங்கப்பூர் ஆற்றங்கரையில் ராஃபிள்ஸ் சிலையின் அருகே நாராயண பிள்ளையின் சிலையும் சில காலம் வைக்கப்பட்டிருந்தது.

அதற்கு மறு ஆண்டு கொவிட்-19 பரவியது. நாட்டின் வழிபாட்டுத் தலங்கள் மூடப்பட்டன. பூசைகளைக் கைப்பேசித் திரையில் பார்த்துக் கும்பிட வேண்டியதாயிற்று. நடக்க முடியாத முதியவர்களுக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. ஆனால், திருநீறு பூசிவிட ஒரு கை இல்லை. வாரம் தவறாமல் வருபவர் இந்த வாரம் ஏன் வரவில்லை என்று விசாரிக்கவும் யாருமில்லை.

2023 பிப்ரவரி 12ஆம் தேதி கோயிலின் குடமுழுக்கு நடந்தபோது, சவுத் பிரிட்ஜ் சாலையில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். நல்ல தண்ணீர் இல்லை என்பதற்காக வேறு நிலம் தேடிய பிள்ளையின் கோயில் அது. குடமுழுக்கின் புனித நீரோ, நேரில் வந்து நிற்பவர்மீதுதான் தெளிக்கும்.