உணர்வுக்கு அப்பால் ஓர் உண்மை: புனித எடித் ஸ்டெயின்

ஒரு செயலைத் தீயது என்று நாம் கூறும்போது, அச்செயலைப் பற்றிய உண்மையைக் கூறுகின்றோமா, அல்லது நமது உள்ளத்து வெறுப்பை மட்டும் வெளியிடுகின்றோமா? அறநெறிக் கூற்றுகள் உணர்ச்சியின் வெளிப்பாடுகளே என்றும், அவற்றை மெய்யென்றோ பொய்யென்றோ சொல்ல இயலாது என்றும் ஆங்கில மெய்யியலாளர் ஏ. ஜே. அயர் 1936ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவ்வேளையில் ஜேர்மனியின் கொலோன் நகரக் கார்மேல் மடத்தில் வாழ்ந்த கன்னியர் ஒருவர், இதற்கு மாறான விடையை ஏற்கெனவே தமது ஆய்வில் எழுதியிருந்தார். பின்னர் தமது உயிரையும் அவ்விடையின் பக்கமே வைத்தார். ஓகஸ்ட் 9ஆம் திகதி திருச்சபை நினைவுகூரும் புனித எடித் ஸ்டெயினே அவர்.

அன்று ஜேர்மனிக்கும் இன்று போலந்துக்கும் உரிய பிரெஸ்லவ் நகரில், பக்தியுள்ள யூதக் குடும்பமொன்றின் பதினொரு பிள்ளைகளில் இளையவராக 1891 ஒக்டோபர் 12ஆம் திகதி எடித் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்னரே தந்தையை இழந்தார். தாயார் மர வியாபாரத்தைத் தனியே நடத்திப் பிள்ளைகளை வளர்த்தெடுத்தார். பதின்ம வயதில் எடித் செபிப்பதைக் கைவிட்டார். ஆயினும் உண்மையைத் தேடுவதை அவர் கைவிடவில்லை. அத்தேடலே 1913இல் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்திலிருந்த பேராசிரியர் எட்மண்ட் ஹூசேர்லிடம் அவரைக் கொண்டு சேர்த்தது.

முதலாம் உலகப் போர் மூண்டதும் படிப்பை இடைநிறுத்தி, 1915இல் தொற்றுநோய் மருத்துவமனையொன்றில் செஞ்சிலுவைத் தாதியாகப் பணியாற்றினார். மறு ஆண்டு, பிறர் உணர்வை நாம் உணர்ந்துகொள்வது எவ்வாறு என்பதை ஆராய்ந்து மிகச் சிறந்த சித்தியுடன் கலாநிதிப் பட்டம் பெற்றார். சகோதரனை இழந்த நண்பனின் துயரை நாம் அறியும்போது, அத்துயர் நம்முள் பிறந்ததன்று. அது அவனுடையதாகவே நமக்குத் தெரிகின்றது என அதில் விளக்கினார். அதுபோலவே நமது உணர்வுகளும் நம்மோடு முடிந்துவிடுவதில்லை; பொருட்களிலும் மனிதரிலும் உள்ள மதிப்பை அவை நமக்குக் காட்டுகின்றன என்றார். எனவே உணர்வும் தவறக்கூடும். செல்வத்தை இழந்தமைக்காக ஆன்மாவே உடைந்துபோகும் மனிதன் மதிப்புகளின் வரிசையைத் தலைகீழாக்கிவிட்டான் என அவர் கண்டார். உணர்வைப் பிழையென்று சொல்ல இடமுண்டெனில், அதனை அளக்கும் உண்மையொன்றும் உண்டு.

1917இல் போரில் மாண்ட தம் ஆசிரியரும் நண்பருமான அடோல்ப் ரைனாக்கின் மனைவி, கிறிஸ்துவின் சிலுவையில் கண்ட ஆறுதல் எடித்தை அசைத்தது. 1921 கோடையில் அவிலா நகர்ப் புனித தெரேசம்மாளின் தன்வரலாற்றை வாசித்தார். 1922 ஜனவரி முதலாம் திகதி திருமுழுக்குப் பெற்று, பின்னர் ஸ்பையர் நகரில் டொமினிக்கன் கன்னியரின் கல்லூரியில் ஆசிரியையானார்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், யூதர் மீதான வன்செயல்களைத் திருச்சபை வெளிப்படையாகக் கண்டிக்க வேண்டுமெனத் திருத்தந்தை 11ஆம் பத்திநாதருக்கு அவர் கடிதம் எழுதினார். மௌனமாயிருப்போருக்கும் பொறுப்புண்டு என்பது அவரது வாதம். முன்ஸ்டர் நகரில் வகித்த விரிவுரையாளர் பதவியை அவ்வாண்டே இழந்து, ஒக்டோபரில் கார்மேல் மடம் புகுந்தார். 1938இன் இறுதி நாளன்று நெதர்லாந்தின் எக்ட் நகர மடத்திற்கு மாற்றப்பட்டார்.

1942 ஜூலை 26ஆம் திகதி ஞாயிறன்று, யூதர்கள் நாடுகடத்தப்படுவதைக் கண்டிக்கும் ஆயர்களின் மடல் நெதர்லாந்துக் கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கப்பட்டது. அதற்குப் பழிவாங்கும் முகமாக, மறு ஞாயிறான ஓகஸ்ட் 2ஆம் திகதி, யூத இனத்தவரான கத்தோலிக்கர் கைதுசெய்யப்பட்டனர். எடித்தும் சகோதரி ரோசாவும் மடத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டு, ஓகஸ்ட் 9ஆம் திகதி அவுஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர். 1998இல் திருத்தந்தை 2ஆம் அருளப்பர் சின்னப்பர் எடித்தைப் புனிதராக உயர்த்தினார்.

அம்மடலுக்குக் கொடுக்கப்பட்ட விலை மிகப் பெரிது. ஆயர்கள் மௌனம் காத்திருக்கலாமே என்ற கேள்வி இன்றும் நெஞ்சை அறுக்கின்றது. ஆனால் அக்கண்டனம் வெறும் உணர்ச்சியே எனில், அதனை அடக்கிக்கொள்வது ஒரு பொருட்டாகாது. கொலைஞரின் வெறுப்பும் ஆயர்களின் கண்டனமும் தராசில் சமமாகவே நின்றிருக்கும். அவை சமமல்ல என்பதை நாம் அனைவரும் அறிவோம். அப்பாவிகளை அழிப்பது தீமை. எவர் எதை உணர்ந்தாலும், எவரும் எதையும் உணராவிட்டாலும் அது தீமையே.

அன்பான பெற்றோரே, பொய்யும் களவும் ஏன் தவறு எனப் பிள்ளைகள் கேட்கும்போது, நமக்குப் பிடிக்கவில்லை என்பதோடு பதிலை நிறுத்திவிடாதிருப்போம். நமது விருப்பு வெறுப்புகளுக்கு மேலே நிற்கும் உண்மையொன்று உண்டென்பதைச் சொல்லிலும் வாழ்விலும் அவர்களுக்குக் காட்டுவோம். அந்த உண்மையைக் காணும் கண்ணையும், கண்டதைக் கூறும் துணிவையும் புனித எடித் ஸ்டெயினின் பரிந்துரையால் இறைவன் நமக்கு அருள்வாராக.