விடை சரி... ஆனால் உண்மையா?



வரவேண்டிய விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற மாதிரி ரீடிங்கைப் பின்னால் போட்டுக்கொள்ளும் வித்தை நம்மில் யாருக்குத்தான் தெரியாது? களிமண் கட்டியின் சுருக்கத்தை அளக்கும் சோதனையில் நானும் அதைத்தான் செய்தேன். சீனியர் ரெக்கார்டில் இருந்த எண்ணே என் நோட்டிலும் வந்தது. கையெழுத்தும் விழுந்தது. ஆனால் அன்று சாயங்காலம் திட்டக்குடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது மனசு உறுத்தியது. விடை சரி, அது உண்மையா? அப்போது நினைவுக்கு வந்தவர்தான் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை ஜவுளிக்கடைக் கணக்கர். பள்ளி நாளிலேயே கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதில் தேற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. முழு நிரூபணம்தான் அபூர்வம். இராமானுஜனும் அப்படியே பழகிப்போனார். சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையால் அழிப்பார், முடிவை மட்டும் நோட்டில் எழுதுவார். வழி அழிந்துபோகும், விடை நிற்கும்.

கணக்கில் புலி, மற்ற பாடங்களில் பெயில்! குடந்தைக் கல்லூரியில் உதவித்தொகை போச்சு. பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. 1910-ல் வேலை தேடி நம்ம பழைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூருக்கே வந்தார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். வந்தவர் கேட்டது ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிய ஐயர், இந்த மூளையை ஆபீஸ் மூலையில் முடக்க மனமில்லாமல், சென்னைக் கணித அறிஞர்களிடம் அனுப்பி வைத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் வேலை கிடைத்தது.

1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது. அதில் இருந்த ஒரு தவறு பலருக்குத் தெரியாது. எந்த எண் வரைக்கும் எத்தனை பகா எண்கள் உண்டு என்பதைக் கிட்டத்தட்ட அப்படியே சொல்லும் சூத்திரம் தன்னிடம் இருப்பதாக எழுதியிருந்தார். எவ்வளவு பெரிய எண்ணுக்குப் போனாலும் வித்தியாசம் சொற்பமே என்பது அவர் நம்பிக்கை. 1000 வரை பகா எண்கள் 168. சூத்திரமும் ஏறத்தாழ 168 என்றே காட்டியது. ஆனால் 10 லட்சத்துக்குப் போனால் சுமார் 30 பிசகும். மேலே போகப் போக அந்தப் பிசகுக்கு எல்லையே கிடையாது. சோதித்த இடமெல்லாம் சரி, ஆனால் உண்மை இல்லை!

நம்ம தொழிலில் இதைச் சொன்னால் சட்டென்று புரியும். பச்சை மண்ணில் எல்லாக் கோப்பையும் அழகுதான். உள்ளே ஒளிந்த குறையைச் சூளைதான் வெளியே கொண்டுவரும். கணிதத்துக்கு நிரூபணம்தான் சூளை.

1914 மார்ச் 17-ல் இராமானுஜன் கப்பலேறினார். தன் கணக்கு தப்பு என்று ஒருவர் காட்டும்போது ரோஷப்படாமல் உட்கார்ந்து கற்பது லேசா? அவர் கற்றார். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்பதற்கு, ஹார்டியுடன் சேர்ந்து 1918-ல் சூத்திரம் தந்தார். 4-ஐ 5 விதமாகப் பிரிக்கலாம். 200-ஐ 39,72,99,90,29,388 விதமாக! மக்மேகன் என்பவர் கையால் போட்டு வைத்திருந்த விடையோடு சூத்திரம் பொருந்தியது. இந்த முறை நிரூபணமும் கூடவே நின்றது. அதே ஆண்டு ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது.

உடல் நலிந்து 1919-ல் ஊர் திரும்பினார். 1920 ஜனவரியில், படுத்த படுக்கையிலும், ஒரு புதுவகைச் சார்பு பற்றி ஹார்டிக்கு எழுதினார். அதில் ஒரு முக்கியமான இடத்தில், இதைத் தான் இன்னும் முறையாக நிரூபிக்கவில்லை என்று அவரே ஒளிக்காமல் குறித்தார். 1913-ல் அடித்துச் சொன்னவர், 1920-ல் தனக்குத் தெரிந்ததற்கும் தோன்றியதற்கும் நடுவே கோடு போட்டார். ஏப்ரல் 26-ல் மறைந்தார், வயது 32. அவர் கோடு போட்ட அந்த இடம் 2013-ல்தான் நிரூபிக்கப்பட்டது. அவருக்குத் தோன்றியது சரியாகவே இருந்தது.

நண்பர்களே, நான் அந்தச் சோதனையை மறுபடி செய்தேன். எண் வேறாகத்தான் வந்தது. ஏன் என்று தேடியபோதுதான், கட்டி முழுசாகக் காயவில்லை என்று தெரிந்தது. காப்பியடித்த சரியான எண் எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை. நானே எடுத்த தப்பான எண் கற்றுத்தந்தது. நாளை நாம் போடும் கையெழுத்தை நம்பி ஒருவர் சூளையை மூட்டுவார். அன்று கேட்கப்போவது மார்க்கை அல்ல, உண்மையை!